பேசப் பேசக் கரையும் ரகசியம்

1984 டிசம்பரில் பெங்களூரில் கணினிகளும் சமிக்ஞைகளும் பற்றிய ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. ஐ.பி.எம். ஆய்வாளர் சார்ல்ஸ் பென்னட்டும் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிராஸாரும் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை அந்த மாநாட்டுத் தொகுப்பில் வெளியானது. சென்ற அத்தியாயத்தில் நாம் படிப்படியாகப் பார்த்த, ஃபோட்டான்களைக் கொண்டு இருவர் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ளும் பிபி84 என்ற குவாண்டம் முறை அந்த ஐந்து பக்கங்களுக்குள் அடங்கியதுதான். அனுப்புகிறவளான ஆலிஸ் ஒவ்வொரு ஃபோட்டானையும் இரண்டு வகைத் தளவிளைவுகளில் ஏதாவது ஒன்றில் தயாரித்து அனுப்புகிறாள். பெறுகிறவனான பாப் ஒவ்வொன்றையும் மனம்போன வகையில் அளக்கிறான். எந்தெந்த இடத்தில் இருவரும் ஒரே வகையைக் கையாண்டார்கள் என்பதைப் பிறகு பகிரங்கமாகப் பேசி, மற்ற பிட்டுகளை எறிந்துவிடுகிறார்கள். ஒட்டுக்கேட்கும் ஈவ் நடுவில் கைவைத்தால் ஃபோட்டானின் நிலை குலையும். அந்தக் குலைவு இருவருடைய பிட்டுகளுக்கிடையே வேறுபாடாக வந்து நிற்கும்.

காகிதத்தில் இதில் ஒரு பழுதும் இல்லை. சில பிட்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினால் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. மீதியைச் சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஐந்தாண்டு கழித்து, 1989இல், நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் இருக்கும் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பென்னட்டும் பிராஸாரும் பெசெட், சால்வய், ஸ்மோலின் ஆகிய மூவரைச் சேர்த்துக்கொண்டு இதை மேசைமேல் செய்து பார்த்தார்கள். ஃபோட்டான்கள் கடந்த தூரம் 32 சென்டிமீட்டர் காற்று. தளவிளைவைத் திருப்பும் பாக்கெல்ஸ் செல்களுக்கு மின்சாரம் தந்த கருவிகள் மின்னழுத்தத்துக்குத் தகுந்தபடி வெவ்வேறு ஓசை எழுப்பினவாம். ஒட்டுக்கேட்பவருக்குக் காது கேட்காது என்றால் எங்கள் கருவி முழுக்கப் பாதுகாப்பானதுதான் என்று பிராஸார் பின்னாளில் கேலியாக எழுதினார். ஓசை கிடக்கட்டும். நமக்கு முக்கியமானது வேறொன்று. அந்த 32 சென்டிமீட்டருக்குள்ளேயே ஆலிஸின் பிட்டுகளும் பாபின் பிட்டுகளும் நூற்றுக்கு நாலு என்கிற அளவில் முரண்பட்டன. ஈவ் அந்த அறையில் இல்லை. 1984ஆம் ஆண்டு விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் அந்தச் சாவி ஒருநாளும் பிறந்திருக்காது.

இந்தத் துறையைப் பற்றி எழுதும் பொது நூல்கள் பெரும்பாலும் ஃபோட்டானோடு நின்றுவிடுகின்றன. ஃபோட்டான் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது வெறும் கணக்கு வேலை என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அந்தக் கணக்கு வேலைதான் இந்த அத்தியாயம். குவாண்டம் இயற்பியல் ஆலிஸுக்கும் பாபுக்கும் சாவியைக் கையில் கொடுப்பதில்லை. ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஏறக்குறைய ரகசியமான இரண்டு பிட்டு வரிசைகளைத்தான் கொடுக்கிறது. அந்த இரண்டு ‘ஏறக்குறைய’களையும் நீக்கும் வேலையை மனிதர்கள்தான் செய்தாக வேண்டும்.

பிழை எங்கிருந்து வருகிறது? டிடெக்டர்கள் இருட்டிலும் சும்மா இருப்பதில்லை. ஒரு ஃபோட்டானும் வராத நேரத்தில்கூட அவ்வப்போது வந்துவிட்டதாகக் காட்டும். ஒளியிழை வெயிலுக்கு விரிந்து, அதிர்வுக்கு நெளிந்து, தளவிளைவை மெல்லத் திருப்பிவிடும். ஆலிஸின் செங்குத்தும் பாபின் செங்குத்தும் ஒரு டிகிரி விலகியிருக்கும். தூரம் கூடக்கூட நிலைமை மோசமாகும். தொலைத்தொடர்பில் பயன்படும் நல்ல ஒளியிழையில் 50 கிலோமீட்டர் போனால் பத்தில் ஒரு ஃபோட்டான்தான் மிஞ்சும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. உண்மையான ஃபோட்டான்கள் இப்படி அருகிக்கொண்டே போக, டிடெக்டரின் பொய்க் கிளிக்குகளோ அதே எண்ணிக்கையில் இருக்கும். ஆகவே பிழை விகிதம் ஏறிக்கொண்டே போகும்.

பாபின் கையில் இருக்கும் தவறான பிட்டைப் பார்த்து, இது வெயிலால் வந்தது, இது ஈவால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகையால் இந்தத் துறையில் ஒரு கடுமையான மரபு உண்டு: எல்லாப் பிழையும் ஈவின் கணக்கில்தான் எழுதப்படும். ஈவ் வரும் ஃபோட்டான்களை எல்லாம் பிடித்து அளந்து மறுபடி அனுப்பினால் பிழை 25 சதவீதமாகும். அந்தக் கணக்குப்படி 4 சதவீதப் பிழை தெரிந்தால், ஆறு ஃபோட்டான்களில் ஏறத்தாழ ஒன்றை அவள் தொட்டிருக்கலாம். அவள் இன்னும் சாமர்த்தியசாலியாக இருந்தால் அதே பிழைக்கு இன்னும் அதிகம் தெரிந்துகொண்டிருப்பாள். பழி அவள்மேல் அநியாயமாக விழுந்தாலும் பரவாயில்லை. அவளைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது.

சரி, பிழையைத் திருத்த வேண்டும். இருவரும் பேசித்தான் திருத்த முடியும். பேசுவதற்கு இருப்பதோ ஊரறிந்த சாதாரணத் தொடர்பு. அதில் போகும் ஒவ்வொரு சொல்லும் ஈவின் காதில் விழும். செல்பேசியிலும் குறுந்தகட்டிலும் பிழை திருத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர்களுடைய கவலை, கூடுதலாக அனுப்பும் பிட்டுகள் அலைவரிசையில் இடம் பிடிக்கின்றனவே என்பது. இங்கே சாதாரணத் தொடர்பில் இடம் தாராளம், செலவும் அற்பம். ஆனால் அதில் பேசும் ஒவ்வொரு பிட்டும் சாவியின் ரகசியத்திலிருந்து ஒரு பிட்டைத் தின்றுவிடுகிறது. எவ்வளவு குறைவாகப் பேசி எல்லாப் பிழையையும் திருத்தலாம்? முப்பது ஆண்டுக்கும் மேலாக இந்தத் துறை இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. ஆலிஸிடம் 16 பிட்டுகள்:

1011 0010 1101 0110

பாபிடம்:

1011 0010 1001 0110

எங்கே வேறுபாடு என்று நமக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியாது. ஆலிஸ் தன் வரிசையில் எத்தனை ஒன்றுகள் என்று எண்ணுகிறாள்: ஒன்பது. ஆனால் ஒன்பது என்று சொல்வதில்லை. ‘ஒற்றைப்படை’ என்று மட்டும் சொல்கிறாள். ஒரே ஒரு பிட் தகவல். பாபுக்கு எட்டு வருகிறது, இரட்டைப்படை. எங்கோ ஒரு பிழை இருப்பது உறுதி. இப்போது முதல் பாதியான எட்டு பிட்டுகளுக்கு மட்டும் கேட்கிறான். இருவருக்கும் இரட்டைப்படை, ஆகவே பிழை இரண்டாம் பாதியில். அதில் முதல் நாலு பிட்டுகள்: ஆலிஸுக்கு ஒற்றை, பாபுக்கு இரட்டை. பிழை இந்த நாலுக்குள். அதில் முதல் இரண்டு: ஆலிஸுக்கு இரட்டை, பாபுக்கு ஒற்றை. கடைசியாக ஒன்பதாவது பிட்டை மட்டும் கேட்கிறான், இருவருக்கும் 1. ஆகவே பத்தாவது பிட்தான் தவறு. பாப் அதைத் திருப்பிவிடுகிறான். மொத்தம் ஐந்து முறை ஒற்றையா இரட்டையா என்று ஆலிஸ் சொல்லியிருக்கிறாள். ஈவுக்கும் அந்த ஐந்தும் தெரியும். 16 பிட்டு ரகசியம் 11 ஆகச் சுருங்கிவிட்டது.

1992இல் வெளியான அந்த முதல் சோதனையின் கட்டுரை இதற்குச் செய்த பரிகாரம் எளிமையானது. ஒவ்வொரு முறை ஒற்றை-இரட்டை சொல்லும்போதும் அந்தத் தொகுதியின் கடைசி பிட்டை எறிந்துவிடு. வெளியே போனது ஒன்று, கழிந்தது ஒன்று. ஈவுக்கு லாபம் ஏதுமில்லை. நேர்மையான வழி. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு தொகுதியில் இரண்டு பிழை இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். ஒற்றை-இரட்டைச் சோதனைக்குப் பிடிபடாது. அதனால் பிட்டுகளைக் கலைத்துப் போட்டு, புதுத் தொகுதிகள் பிரித்து, மறுபடி மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றும் புதிதாகக் கொஞ்சம் ரகசியத்தைத் தின்றது.

பிராஸாரும் லூயி சால்வயும் 1993இல் நார்வேயின் லாஃப்டஹுஸில் நடந்த யூரோகிரிப்ட் மாநாட்டில் முன்வைத்த ‘கேஸ்கேட்’ முறை இந்த மறைந்த பிழைகளையே ஆயுதமாக்கியது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முதல் சுற்றில் பிட்டு வரிசையைத் தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். தொகுதியின் நீளம், 0.73ஐப் பிழை விகிதத்தால் வகுத்தால் வருவது. 4 சதவீதப் பிழை என்றால் 18 பிட்டுகள். அதாவது ஒரு தொகுதிக்குச் சராசரியாக முக்கால் பிழை விழும்படி அளவு பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒற்றை-இரட்டை ஒப்பிட்டு, வேறுபட்டால் மேலே செய்ததுபோல் பாதி பாதியாகப் பிளந்து பிழையைப் பிடிக்கிறார்கள். சுற்று முடியும்போது எந்தத் தொகுதியிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பிழை இருக்க முடியாது. பூஜ்யம், அல்லது இரண்டு, அல்லது நாலு.

இரண்டாம் சுற்றில் பிட்டுகளைக் கலைத்து, தொகுதி நீளத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். இதில் ஒரு பிழை பிடிபடுகிறது என்று வையுங்கள். அந்த பிட் முதல் சுற்றில் ஏதோ ஒரு தொகுதியில் இருந்தது. அங்கே இரட்டைப்படையில்தான் பிழை இருந்தது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். அதில் ஒன்றை இப்போது திருத்திவிட்டோம் என்றால் அதன் ஜோடி இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. திரும்பிப் போய் அந்தப் பழைய தொகுதியைப் பிளந்து ஜோடியைப் பிடிக்கிறார்கள். அது அகப்பட்டதும், இரண்டாம் சுற்றில் அந்த ஜோடி கிடந்த தொகுதியின் ஒற்றை-இரட்டை மாறிவிடுகிறது. அங்கே இன்னொரு பிழை அம்பலமாகிறது. அதைத் திருத்தினால் மறுபடி முதல் சுற்றில் ஒன்று. ஒரு பிழை பிடிபட்டால் அதைத் தொடர்ந்து பல பிழைகள் வரிசையாக விழுகின்றன. நாலு சுற்றுகளில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

பழைய தொகுதிகளுக்குத் திரும்பிப் போக வேண்டியிருப்பதால் இங்கே பிட்டுகளை உடனுக்குடன் எறிய முடியாது. எத்தனை ஒற்றை-இரட்டைகள் வெளியே போயின என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் மொத்தமாக ஈடு செய்வார்கள். எப்படி என்று பிறகு பார்ப்போம். கேஸ்கேடில் இன்னொரு வசதியும் உண்டு. எல்லாப் பிழையும் திருத்தியானதும் எத்தனை பிழை இருந்தது என்று துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. பிழை விகிதம் அறிவதற்கென்று ஒரு பங்கு பிட்டுகளைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

இதைவிடக் குறைவாகப் பேச முடியுமா? எல்லை எங்கே? விடை இந்தத் துறை பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1973இல் டேவிட் ஸ்லீபியனும் ஜாக் வுல்ஃபும் நிறுவிய தேற்றத்தின்படி, பிழை விகிதம் தெரிந்தால் ஒரு பிட்டுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பேசியாக வேண்டும் என்பது, நிச்சயமின்மையை அளக்கும் ஷானனின் என்ட்ரோபியால் தீர்மானமாகிறது. 4 சதவீதத்துக்கு அது ஒரு பிட்டில் 0.2423 பங்கு. 10,000 பிட்டுகள் என்றால் 400 பிழைகள். அவற்றைத் திருத்த 2,423 பிட்டுகளுக்குக் குறையாமல் பேசியே ஆக வேண்டும். எந்தக் கொம்பனாலும் அதற்குக் கீழே போக முடியாது. இந்தத் தேற்றத்தின் வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பாபின் வரிசையில் பிழை எங்கே என்று ஆலிஸுக்குத் துளியும் தெரியாது. பாப் வாயே திறக்க வேண்டாம். ஆலிஸ் மட்டும் ஒருமுறை, அந்தக் குறைந்தபட்ச அளவே பேசினால் போதும் என்கிறது கணிதம். எதைப் பேச வேண்டும் என்பதைத்தான் அது சொல்லவில்லை.

உண்மையான முறைகள் இந்த எல்லையைவிட எத்தனை மடங்கு பேசுகின்றன என்பதைப் பொறியாளர்கள் ஓர் எண்ணாகக் குறிக்கிறார்கள். 1 என்றால் நிறைவு. கேஸ்கேடுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு 1.16 அளவில். நம் உதாரணத்தில் 2,423க்குப் பதிலாகச் சுமார் 2,810 பிட்டுகள். அறுவர் பந்தியில் ஏழாவதாக ஒருவர் சாப்பிட்டதுபோலத்தான். பெரிய வீண் இல்லை.

ஆனால் பொறியாளர்களை உறுத்தியது கசிவைவிட அரட்டை. பாதி பாதியாகப் பிளக்கும் ஆட்டத்தில் ஒரு விடை வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. ஒளியிழையில் வெளிச்சம் வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆலிஸும் பாபும் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் ஒரு கேள்வி போய் விடை வர ஒரு மில்லிவினாடி ஆகிறது. அற்பமான நேரம்தான். ஆனால் ஒரு சாவிக்கட்டுக்கு நூற்றுக்கணக்கில் இப்படிப் போய்வர வேண்டும்; வேகமான கருவியோ அந்த ஒரு மில்லிவினாடிக்குள் ஆயிரக்கணக்கில் புதுப் பிட்டுகளைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 2003இல் வெளியிட்ட ‘வின்னோ’ முறை இந்தப் போக்குவரத்தைக் குறைத்தது. எட்டு எட்டு பிட்டுகளாகப் பிரித்து, ஒற்றை-இரட்டை வேறுபட்ட தொகுதிக்கு மட்டும் ஹாமிங் குறியீட்டின் மூன்று பிட்டுகளை அனுப்புகிறார்கள். பிளந்து தேடும் வேலை கிடையாது. மூன்று பிட்டுகளே பிழையின் முகவரியைச் சொல்லிவிடும். ஆனால் ஒரே தொகுதியில் மூன்று பிழை இருந்தால் ஹாமிங் குறியீடு நாலாவதாக ஒரு பிழையைப் புதிதாகச் சேர்த்துவிடக்கூடும். திருத்த வந்தவரே தப்புச் செய்யும் இந்த முறை பரவலாக நிலைக்கவில்லை.

நிலைத்தது வேறொன்று. 1960இல் ராபர்ட் கேலகர் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒருவகைக் குறியீடுகளை விவரித்தார். அடர்த்தி குறைந்த ஒற்றை-இரட்டைக் குறியீடுகள், எல்.டி.பி.சி. என்று சுருக்கம். அன்றைய கணினிகளுக்கு அது தாங்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சிலரைத் தவிர யாரும் சீந்தாமல் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் டேவிட் மக்கேயும் ராட்ஃபர்ட் நீலும் அதை மீட்டெடுத்துக் காட்டியபோது, ஷானன் எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் போகும் முறை இத்தனை காலம் நூலகத்தில் தூங்கியதா என்று துறையே திகைத்தது. இன்று வைஃபையிலும் 5ஜி செல்பேசியின் தரவிலும் ஓடுவது அதுதான்.

குவாண்டம் சாவிக்கு அதைப் பயன்படுத்தும் விதம் இது. ஆலிஸிடமும் பாபிடமும் ஒரே பட்டியல் இருக்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியும், வரிசை முழுவதிலும் சிதறிக் கிடக்கும் ஒருசில பிட்டுகளைக் குறிக்கிறது. ஆலிஸ் ஒவ்வொரு வரிக்கும் ஒற்றையா இரட்டையா என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடுகிறாள். அவள் வேலை முடிந்தது. பாப் தன்னிடம் உள்ள ஒவ்வொரு பிட்டுக்கும் ‘இது சரியாக இருக்க 96 சதவீத வாய்ப்பு’ என்று தொடங்குகிறான். ஒரு வரி பொருந்தவில்லை என்றால் அந்த வரியில் உள்ள பிட்டுகளின் மேல் சந்தேகம் ஏறும். பொருந்தும் வரிகள் சந்தேகத்தை இறக்கும். ஒவ்வொரு பிட்டும் பல வரிகளில் இருப்பதால் சந்தேகம் வரிகளுக்கும் பிட்டுகளுக்கும் இடையே போய்வந்து, பல சுழற்சிகளுக்குப் பிறகு குற்றவாளிகள்மேல் குவிகிறது. அமெரிக்காவின் டார்ப்பா குவாண்டம் வலைப்பின்னலை அமைத்த பி.பி.என். நிறுவனத்தார் 2004 வாக்கிலேயே இதைக் கையில் எடுத்தார்கள். ஸ்லீபியனும் வுல்ஃபும் சொல்லாமல் விட்ட ‘எதைப் பேசுவது’ என்பதற்கு நடைமுறை விடை இதுதான்.

விலை உண்டு. ஒரு குறிப்பிட்ட பிழை விகிதத்துக்கென்று பட்டியல் தயாரிக்க வேண்டும். பிழை அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் பாபின் கணக்கு எங்கும் குவியாமல் அலைந்துகொண்டே இருக்கும்; அந்தச் சாவிக்கட்டு முழுவதும் குப்பைக்கு. மிகக் குறைந்த பிழைக்குத் தயாரித்தால் முறிவு. மிக அதிகத்துக்குத் தயாரித்தால் வீண் பேச்சு. ஒளியிழையின் பிழையோ வெயிலோடும் காற்றோடும் மாறுகிறது. இதற்காக, இருவருக்கும் தெரிந்த பிட்டுகளையும் பாபுக்குத் தெரியாத பிட்டுகளையும் தேவைக்கேற்ப வரிசைக்குள் செருகி ஒரே பட்டியலைப் பல பிழை விகிதங்களுக்கு வளைக்கும் உத்திகள் வந்தன. மாட்ரிட் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. துருக்கியின் எர்தால் அரிகான் 2009இல் வெளியிட்ட போலார் குறியீடுகளையும் இந்த வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் கேஸ்கேடைப் பழம்பஞ்சாங்கம் என்று ஓரம்கட்டும் வழக்கம் கட்டுரைகளில் பரவியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கட்டுக்கு விடை வரும்வரை சும்மா காத்திருக்காமல் வேறு பல கட்டுகளின் கேள்விகளை ஒன்றாக மூட்டைகட்டி அனுப்பினால் அந்த மில்லிவினாடித் தாமதம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. தொகுதி நீளங்களை நன்றாகத் தேர்ந்தால் கசிவும் 1.16இலிருந்து 1.05க்குப் பக்கத்தில் இறங்குகிறது. 2010களில் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. பிழை விகிதம் ஏறி இறங்கினாலும் கேஸ்கேட் முறிவதில்லை. சற்று அதிகம் பேசும், அவ்வளவுதான். கணக்கும் இலேசானது.

திருத்தம் முடிந்ததும் இரண்டு சில்லறை வேலைகள். இருவரும் தங்கள் வரிசையிலிருந்து ஒரு சிறிய ஹாஷைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். 50 பிட்டு ஹாஷ் பொருந்திவிட்டால், ஒரு பிழை ஒளிந்திருக்கும் வாய்ப்பு ஆயிரம் லட்சம் கோடியில் ஒன்று. பேச்சு முழுவதும் உண்மையாக ஆலிஸிடமிருந்தும் பாபிடமிருந்தும்தான் வருகிறதா என்பதற்கு முத்திரையும் வேண்டும். இல்லாவிட்டால் ஈவ் ஆலிஸிடம் பாபாகவும் பாபிடம் ஆலிஸாகவும் நடித்துவிடுவாள். வெக்மனும் கார்ட்டரும் 1981இல் கொடுத்த முறை அதற்குப் போதும்.

இப்போது இருவரிடமும் ஒரே வரிசை. முதல் ‘ஏறக்குறைய’ ஒழிந்தது. இரண்டாவது? பென்னட்டும் பிராஸாரும் ஷான்-மார்க் ரொபேரோடு சேர்ந்து 1985இலேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். எதிரிக்குத் தெரிந்ததைக் குறைப்பது எப்படி என்று சமையல் குறிப்புபோல் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார்கள். நீண்ட வரிசையை ஒரு ஹாஷால் கலக்கிக் குறுகிய வரிசையாக்குவதுதான் வழி. ஈவுக்கு எந்த பிட்டுகள் தெரியும் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. எத்தனை தெரியும் என்று தெரிந்தால் போதும். அத்தனையும் அதற்குமேல் கொஞ்சமும் நீளத்தைக் குறைத்தால், மிச்சத்தில் அவளுக்குத் தெரிந்தது ஏறத்தாழ பூஜ்யம். கேஸ்கேட் வைத்த கடன் கணக்கு இங்கேதான் தீர்கிறது.

10,000 பிட்டுகள், 4 சதவீதப் பிழை. ஃபோட்டான்களில் கைவைத்து ஈவ் தெரிந்திருக்கக்கூடியது 2,423 பிட்டுகள். பிழை திருத்தும் பேச்சில் கசிந்தது, நிறைவான முறையானால், இன்னொரு 2,423. மிச்சம் 5,154. ஒரே எண் இரண்டு முறை வருவதைக் கவனித்தீர்களா? பிழை ஏறினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். 11 சதவீதத்தில் ஒவ்வொன்றும் பாதியைத் தின்ன, மிச்சம் பூஜ்யம். பிபி84க்குப் பாடநூல்கள் சொல்லும் 11 சதவீத வரம்பு இப்படி வருகிறது. இருபக்கமும் பேசும் சில தந்திரங்களால் அதைத் தாண்டிப் போகலாம். ஆனால் அடிப்படைக் கணக்கு இதுவே.

ஒரே எண் இரண்டு முறை வருவது தற்செயல் இல்லை என்று 2000இல் பீட்டர் ஷோரும் ஜான் பிரெஸ்கிலும் காட்டினார்கள். குவாண்டம் கணினிகளைக் காக்கும் பிழை திருத்தக் குறியீடுகள் இரண்டு வகைப் பிழைகளைத் திருத்தியாக வேண்டும். ஒன்று 0வும் 1உம் இடம் மாறுவது, மற்றது அவற்றுக்கிடையேயான கட்டம் புரள்வது. ஆலிஸும் பாபும் ஒரு குவாண்டம் கணினியை வைத்துக்கொண்டு இரண்டையும் திருத்தினால் ஈவுக்கு எதுவும் தெரிந்திருக்க முடியாது என்று நிறுவுவது எளிது. பிறகு ஷோரும் பிரெஸ்கிலும் அந்தக் கணினியைப் படிப்படியாகக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். சாவிக்கு வேண்டியது 0, 1 மட்டும். கட்டம் எப்படி இருந்தால் என்ன? ஆகவே இரண்டாம் வகைத் திருத்தத்தை உண்மையில் செய்ய வேண்டியதில்லை. செய்திருக்க முடியும் என்றால் போதும். கழற்றி முடித்ததும் மேசைமேல் மிஞ்சுவது என்ன? முதல் வகைத் திருத்தம் சாதாரணப் பிழை திருத்தமாக, இரண்டாம் வகை ஹாஷ் சுருக்கமாக நிற்கிறது. யார்க்டவுன் ஹைட்ஸில் ஒட்டுப்போட்டுச் செய்த இரண்டு கணக்கு வேலைகளும் ஒரே குவாண்டம் குறியீட்டின் இரண்டு பாதிகள்.

பிழை திருத்தம் எல்லா இடத்திலும் இப்படி முன்னால் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோளிலிருந்து பெய்ஜிங்குக்கு அருகே ஷிங்லோங் நிலையத்துக்கு அனுப்பிய, 2017இல் விவரம் வெளியான சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் கடந்துபோன 273 வினாடிகளில் பொருந்திய பிட்டுகள் ஏறத்தாழ 16 லட்சத்து 71 ஆயிரம். பிழை 1.1 சதவீதமே. கடைசியில் கையில் நின்ற சாவி ஏறத்தாழ 3 லட்சம் பிட்டுகள். இடையில் காணாமல்போனவற்றில் பிழை திருத்தத்துக்குப் போக வேண்டிய குறைந்தபட்சப் பங்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. மீதி, ஒரு துடிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள் போயிருக்கலாம் என்கிற சந்தேகத்துக்கும், குறைந்த அளவு தரவை வைத்து முடிவெடுக்கும் எச்சரிக்கைக்கும் கொடுத்த விலை.

எதிர்முனையில் தொடர்மாறி முறை இருக்கிறது. தனி ஃபோட்டான்களை எண்ணாமல், லேசர் ஒளியின் வீச்சையும் கட்டத்தையும் சாதாரணத் தொலைத்தொடர்பு டிடெக்டர்களால் அளப்பது. பிரான்ஸில் ஃபிரெடெரிக் க்ரோஷான்ஸும் ஃபிலிப் க்ராஞ்சியேவும் 2002இல் இதற்கு வழி திறந்தார்கள். இதில் பாபின் அளவீடு ஒவ்வொன்றும் இரைச்சலில் மூழ்கியிருக்கும். ஒரு அளவீட்டில் இருப்பது ஒரு பிட்டில் மிகச் சிறு துண்டு. ஆலிஸின் தரவுக்கேற்பப் பாப் தன்னுடையதைத் திருத்தும் வழக்கத்தையே தலைகீழாக்கினார்கள். பாபின் தரவுதான் மூலம். ஆலிஸ் தன்னுடையதை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆலிஸ் அனுப்பியதை ஊகிப்பதைவிடப் பாபின் டிடெக்டரில் என்ன விழுந்தது என்று ஊகிப்பது ஈவுக்குக் கடினம். இங்கே பிழை திருத்தம் எல்லையிலிருந்து சில சதவீதம் விலகினாலே சாவி பூஜ்யமாகிவிடும். பல ஆண்டுகள் இந்த முறை 25 கிலோமீட்டரில் சிக்கிக் கிடந்ததற்குக் காரணம், அத்தனை இரைச்சலில் போதுமான திறமையோடு பிழை திருத்தும் குறியீடு கையில் இல்லாததுதான். 2013இல் பால் ஜூகேயும் கூட்டாளிகளும் அந்தத் தூரத்தை 80 கிலோமீட்டராக்கினார்கள். கருவியை நீண்டநேரம் நிலையாக ஓடவைத்தது ஒரு பங்கு. பெரும் பங்கு, மிகத் தாழ்ந்த சமிக்ஞைக்கென்று வடிவமைத்த கேலகர் வகைக் குறியீடுகளுடையது. அவற்றின் சந்தேகக் கணக்கை வேகமாகப் போட அவர்கள் நாடியது கணினி விளையாட்டுகளுக்காகப் பிறந்த கிராஃபிக்ஸ் சில்லுகளை.